அப்பாவின் கிடாத்தாடி பிரஷ்

பேத்தியின் முக ஒப்பனை பிரஷ்ஷை நேற்றுக் கழுவினேன். பவுடருக்கும் கன்னச் சிவப்புக்கும் இது ஒன்றே போதுமாம். சுத்திகரித்த அசல் ஆட்டுமுடி என்கிறது உறை. நனைந்ததும் எழுந்த வாடை, சானமாவுச் சாலையில் இன்று தொழிற்சாலை மதில் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் ஓலைக் கொட்டகைக்கு என்னை இழுத்துப்போனது.

கூத்தில் ராணி வேஷம் கட்டும் அப்பா அங்கேதான் முகம் எழுதுவார். அரிதாரம் பூசவும், பவுடர் தட்டவும், காலையில் சவர நுரை தேய்க்கவும் ஒரே பிரஷ்; மேய்ச்சலில் திடீரென்று விழுந்து செத்த எங்கள் வெள்ளைக் கிடாவின் தாடியை அரக்கில் ஒட்டி அவரே செய்தது. அப்படிச் செத்த ஆட்டை அறுக்காமல் ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு கொட்ட வேண்டும் என்று பின்னாளில் கால்நடைத் துறையிலிருந்து முப்பது ஆண்டுகள் சுற்றறிக்கை அனுப்பியவன் நான். எங்கள் வீட்டு விதியோ, எதையும் வீணாக்கக் கூடாது என்பது.

"எப்பிடிச் செத்துச்சுன்னே தெரியல, அந்த மயிரப் போயி மூஞ்சில வெக்கறீங்களே," என்றாள் அம்மா.

"ஏன், எந்திரிச்சு வந்து முட்டுமா?"

ஒரு மாலை அவர் கன்னத்தில் சின்னக் கொப்புளம். நடுவில் கரி வைத்தாற்போல் கறுப்பு.

"வலிக்குதுங்களா?" என்றாள் அம்மா.

"துளிகூட இல்ல புள்ள. ராணிக்கு மச்சம்," என்று அதே பிரஷ்ஷால் அதன்மேல் பவுடர் தட்டினார். நாங்கள் நிம்மதியாகச் சிரித்தோம்.

ஆறாம் நாள் அவரைப் புதைத்தோம்.

ஆட்டிலிருந்து தொற்றும் அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ் நோயில் அந்தக் கொப்புளம் வலிக்கவே வலிக்காது என்று கல்லூரியில் ஆசிரியர் சொன்னபோது, வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் எடுக்கவில்லை.