கீழ்க்கட்டளைக்கு நட்சத்திர ரசம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலிக்காரர்கள் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிடும் பாஸ்தாவை வத்தல் என்று நினைத்து எண்ணெயில் போட்டுப் பொரித்தவன் நான். கிழக்குத் தாம்பரத்தில் இந்தக் காரியத்தைச் செய்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அது குழாய் குழாயாக இருந்தது. விரலில் மாட்டிக்கொண்டு தின்போமே, அந்த வத்தல் மாதிரியே. ஆனால் எண்ணெயில் போட்டால் பொரியவில்லை, சிவந்தது. வெளிநாட்டு வத்தல் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள மாமனாருக்குப் பரிமாறினேன். அவர் ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார். எதையும் ஒரே கடியில் முடிப்பவர். கடித்தார். பல் உடைந்தது.

அவர் கோபப்படவில்லை. பல்லைக் கழுவிக் காகிதத்தில் மடித்து, "எல்லா ஊர்லயும் பொண்ணு வீட்டுலதான் சீர் செய்வாங்க. எனக்கு மாப்பிள்ளை செஞ்சிருக்கார்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் போய்விட்டார். அது ஆடி மாதம்.

ஐப்பசியில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. உணவுக்குழாயில் கட்டி. பல் உடைந்ததால் வந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. பல்தான் காரணம் என்றால் ஒரு பல் கட்டிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம்.

என் மனைவி கோமதி அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போனாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா நாலு நாளா தண்ணியைத் தவிர எதையும் தொட மாட்டேங்கறார். கஞ்சி கொண்டுபோனா வாயை இறுக்க மூடிக்கிறார். திங்கட்கிழமை வரைக்கும் பார்த்துட்டு மூக்குல குழாய் போட்டுடலாம்னு டாக்டர் சொல்றார். அப்பா அதுக்கும் மாட்டேன்னுட்டார்."

"நான் வந்து பேசட்டுமா?"

"வந்து? உங்களைப் பத்தி ஒரே ஒரு தடவை கேட்டார்."

"என்னன்னு?"

"'அந்த வத்தலை ஒழுங்கா செய்யக் கத்துக்கிட்டாரா'ன்னு."

நாலு நாளில் அந்த மனிதர் சாப்பாட்டைப் பற்றிப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

கப்பலில் வேலை பார்க்கும் மைத்துனன் கொண்டுவந்து கொடுத்தவை நாலு பாஸ்தாப் பொட்டலங்கள்: குழாய், பட்டாம்பூச்சி, சங்கு, நட்சத்திரம். கோமதி போன பிறகு தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக முயன்றிருந்தேன். பட்டாம்பூச்சியைக் குக்கரில் மூன்று விசில் விட்டேன். இறக்கைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. கிடைத்த கூழைப் பக்கத்து வீட்டுப் பையன் காற்றாடி ஒட்ட வாங்கிப் போனான். சங்கை ரவை மாதிரி வறுத்து, அளந்து தண்ணீர் விட்டு, உப்புமா கிண்டினேன். வெளியே குழைந்தது, உள்ளே நறநறத்தது. இன்னொரு பல்லுக்கு ஆபத்து என்று நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை என் மறைமலை நகர் ஆபீசில் ஸ்டெல்லா மேடத்திடம் போய், செய்து பார்த்ததை எல்லாம் சொன்னேன். அவருடைய அக்கா இத்தாலியில் ஒரு மடத்தில் கன்னியாஸ்திரி.

"குக்கரா?" என்று மேடம் பேனாவை மூடி வைத்தார். "சோறு வடிக்கிற மாதிரி சார். நிறையத் தண்ணி, நல்லாக் கொதிக்கணும், தண்ணியிலேயே உப்பு. வெந்ததும் வடிச்சிடணும். குழாய்க்குக் கெட்டியாத் தக்காளிக் குழம்பு, உள்ள புகுந்துக்கும். சங்குக்குக் காய்கறி. யாருக்கு சார்?"

சொன்னேன்.

"அப்ப நட்சத்திரம். மடத்துல யாருக்காவது உடம்பு முடியலைன்னா அதைத்தான் கோழி சூப்புல போட்டுக் குடுப்பாங்களாம். அந்த ஊருக்கு அதுதான் கஞ்சி."

எங்கள் வீட்டில் கோழி நுழைவதில்லை. ரசம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை எட்டரைக்கு வீட்டைப் பூட்டினேன். பிளாஸ்கில் பருப்பு ரசம், எவர்சில்வர் டப்பாவில் வடித்த நட்சத்திரம், பையில் மிச்சப் பொட்டலம். மழை முந்தின நாளே தொடங்கி, நிற்கும்படி யாரும் சொல்லாததால் பெய்துகொண்டிருந்தது. தாம்பரத்திலிருந்து பல்லாவரத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய். மீட்டர் கேஜ் பெட்டியின் ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரத் துணி வாடை. அடுத்த நிலையம் காசநோய் ஆஸ்பத்திரி இருக்கும் சானடோரியம். பெயரைக் கேட்டாலே எனக்குத் தொண்டை கரகரக்கும். அன்று உண்மையாகவே யாரோ இருமினார்கள். டப்பாவை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டேன். எதிர் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லைங்க, வீட்டுக்குத்தான். மாமனாருக்கு உடம்பு சரியில்லை."

"மாமனாருக்கு மருமவன் சோறு தூக்கினு போறியா?" என்றவர், குரோம்பேட்டை வரும்வரை யோசித்துவிட்டு, "ரொம்ப முடியலியா?" என்றார்.

பல்லாவரத்திலிருந்து கீழ்க்கட்டளை ஐந்து கிலோமீட்டர் இருக்கும். முக்கால் மணி நேரம் நின்றும் பஸ் வரவில்லை. ஆட்டோக்காரரிடம் போனேன்.

"கீய்க்கட்டளையா? ரோட்ல தண்ணி நிக்குது சார். முப்பத்தஞ்சு ரூபா குடு."

"மீட்டர் போடுங்களேன்."

"மீட்டரு நனைஞ்சுபோச்சு."

"அது உள்ளேதானே இருக்கு?"

"நானும் உள்ளதான் கீறேன். நனையலியா?"

ஏறிக்கொண்டேன். ஏரி எது, சாலை எது என்று பிரித்துச் சொல்ல முடியாத இடத்தில் வண்டி இருமி நின்றது. முப்பத்தைந்து ரூபாயும் கொடுத்து, முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளவும் செய்தேன். மறுபடி ஏறி உட்கார்ந்து, பையில் பொட்டலம் நனைந்துவிட்டதா என்று பிரித்துப் பார்த்தபோது அவர் திரும்பினார்.

"இன்னா சார் அது, ஜவ்வரிசியா?"

"நட்சத்திரம். உடம்பு சரியில்லாதவங்களுக்கு."

"ராத்திரி வானத்துல ஒண்ணுகூடக் காணோமேன்னு பாத்தேன். நீ பையில வச்சுகினு சுத்தறே."

எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய ஜோக். தோன்றவில்லை. மனசு திங்கட்கிழமையில் இருந்தது.

பத்தே முக்காலுக்கு வீட்டு வாசலில் இறங்கினேன். கரண்ட் இல்லை. கோமதி கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். டப்பாவை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்த் தட்டில் கவிழ்த்தாள். டப்பாவின் வடிவத்திலேயே ஒரு வெள்ளைக் கட்டி விழுந்து நின்றது.

"என்ன இது, களியா?"

"நட்சத்திரம்."

"எங்க?"

கட்டி என்ற சொல்லை அந்த வீட்டில் நான் சொல்லவில்லை. பொட்டலத்தில் இரண்டு கைப்பிடி மிச்சம் இருந்தது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, உப்புப் போட்டு, கொதித்ததும் கொட்டினேன். கோமதி மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நட்சத்திரங்கள் அடியில் போய், உருண்டு, மேலே வந்தன. மசிந்துவிடாமல் வடித்து, ரசத்தைச் சுடவைத்து அதில் போட்டேன். மஞ்சள் ரசத்தில் அவை மிதந்ததைப் பார்த்து அவள் சிரிக்கப் போனாள். பாதியில் விட்டுவிட்டாள்.

மாமா ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல் அவருடையது. இப்போது உடம்பு இருந்த இடத்தில் போர்வை மட்டும் இருப்பதுபோல் இருந்தது. அலமாரியில் மருந்துப் புட்டிகளுக்கு நடுவே அந்தக் காகிதப் பொட்டலம், என் சீர்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார், காற்றாக. "இன்னைக்கு எந்தப் பல்லு?"

"இதுக்குப் பல்லே வேணாம் மாமா."

கோமதி தலையணையை உயர்த்திவிட்டாள். நான் கரண்டியில் எடுத்து, ஊதி, நீட்டினேன். வாயை மூடிக்கொண்டார். கரண்டியையே உற்றுப் பார்த்தார்.

"மூலைக்கு மூலை கூர்மையா இருக்கே. குத்தாதா?"

"குத்தாது மாமா. நான் தின்னு பார்த்தேன்."

"நீங்க அன்னைக்கும் தின்னு பார்த்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

முதல் கரண்டி நெடுநேரம் வாயிலேயே இருந்தது. கழுத்து அசைந்தது. கண்ணில் நீர் வந்தது. கோமதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கிற்று. இரண்டாவதுக்கு அவரே வாயைத் திறந்தார். ஒன்று இருமலோடு வெளியே வந்து என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. துடைக்கக் கை வரவில்லை. அரை மணி நேரத்தில் கிண்ணத்தில் பாதி காலியாயிற்று. பிறகு கையை அசைத்து நிறுத்திவிட்டார்.

சமையலறையில் கோமதி கிண்ணத்தைக் கழுவாமல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குக் குழாய் வேணாம்னு சொல்லிடலாமா?" என்றேன்.

"நாளைக்கு வேணாம்" என்றாள். கிண்ணத்தைக் கழுவத் தொடங்கினாள்.

நாலு மணிக்குக் கிளம்பினேன். தாம்பரம் வீட்டில் பூட்டிய கதவும், பாதிப் பொட்டலம் குழாயும், கொஞ்சம் சங்கும் காத்திருந்தன. எதுவும் இறங்கக்கூடிய தொண்டை எனக்கு இருந்தது, பசிதான் இல்லை. மாமாவுக்குப் பசி இருந்ததா என்று கேட்கும் தைரியம் வரவில்லை. நட்சத்திரம் தீர்ந்துவிட்டது என்பதையும் நான் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன் மாமா. என்ன செஞ்சு எடுத்துட்டு வரட்டும்?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அந்த வத்தலையே கொண்டாங்க."