கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீல்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள், நடுநடுவே சிரிக்கவும் செய்கிறாள்.

தெலுங்கு ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள் நாங்கள். இங்கே சனத்நகரில் என் மகன் ஸ்டோர் கீப்பராக இருக்கும் கம்பெனியில் செம்புக் கம்பி திருட்டுப் போனது. சாவி இவனிடம் இருந்ததால் போலீஸ் இவனைத்தான் விசாரித்தது. வாக்குமூலம் எழுதி வைப்பதாகவும், மறுநாள் வந்து கையெழுத்துப் போடும்படியும் சொல்லி அனுப்பினார்கள்.

"ஒரு வக்கீல வச்சுக்கோடா" என்றேன்.

"தப்புப் பண்ணவன்தாம்மா வக்கீலத் தேடுவான். கம்பெனியில என்ன நினைப்பாங்க?"

அடுப்பில் ரசம் நுரைத்தது, ஓடிப்போய் இறக்கினேன். என் ரசத்துக்கு இந்தக் குகட்பள்ளி காலனியே அடிமை. அது கிடக்கட்டும்.

"எந்த பாஷையில எழுதுவாங்க?"

"தெலுங்குல."

"உனக்குத் தெலுங்கு படிக்க வருமா?"

பேச்சில் தெலுங்கை வெளுத்துக்கட்டுவான், ஆனால் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

"பேங்க்ல எனக்குப் படிச்சுச் சொல்ல நீ வர்றியே, அதனால நான் திருடியா? வக்கீல் இல்லாம நீ வாசலத் தாண்டக் கூடாது!"

மறுநாள் ஒரு வக்கீலம்மாவுடன் போனான். அவர் வாசித்துக் காட்டியபோது, இவனே சாவியை யாருக்கோ கொடுத்ததாக அதில் இருந்ததாம். "நான் அப்படிச் சொல்லவே இல்ல சார்" என்று பதறியிருக்கிறான். போலீஸ் வாக்குமூலத்தில் கையெழுத்தே தேவையில்லை, சட்டமே அப்படித்தான் என்று சொல்லி, இவனைக் கையெழுத்துப் போட விடாமல் வக்கீலம்மா தடுத்துவிட்டார். பிறகு உண்மையான திருடன் பிடிபட்டான்.

நேற்று கூரியர்காரர் கையெழுத்துக்காக ரசீதை நீட்டியதும், "என்ன எழுதியிருக்கு, படிங்க" என்றான் என் மகன். மருமகள் சிரிப்பது அதற்குத்தான். எனக்கோ, படிக்கச் சொல்லிக் கேட்காமல் கைநாட்டு வைக்காத என் பழக்கம் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டதே என்று சந்தோஷம்.