அப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு

என் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அப்பா சம்சு சாராயம் குடிப்பதை நிறுத்தினார். உலு யாம் பக்கத்து எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவர். வேலை முடிந்ததும் நேராகச் சாராயக் கடைக்குப் போவது இருபது வருடப் பழக்கம். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால நீ தலைகுனியக் கூடாதுலா" என்றார். சொன்னபடியே விட்டும் விட்டார்.

ஆனால் சாயங்காலமானால் கை நடுங்கும். வாய் எதையாவது கேட்கும். நான்தான் ஒரு பெரிய போத்தல் ஆரஞ்சு பானம் வாங்கிக் கொடுத்தேன். குடித்ததும் முகம் தெளிந்தது. கல்யாணமாகி ரவாங்குக்குப் போன பிறகும் ஞாயிறுதோறும் காரில் போத்தல்களை ஏற்றிக்கொண்டு வருவேன். வேலைக்கு நடுவே குடிக்க எனர்ஜி டிரிங்க் டின்களும். அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து பக்கத்து வீட்டாருக்குக் காட்டுவாள்: "எங்க வீட்டுக்காரரு இப்ப இதான் குடிக்கிறாரு."

ஆறு வருடம் இப்படிப் போனது. பிறகு பாதத்தில் ஒரு புண். செம்பனை முள் குத்தியது என்றார். ஆறவில்லை.

கிளினிக்கில் தாதி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா குடிப்பாரா?" என்று கேட்டாள்.

"விட்டு ஆறு வருஷமாச்சு." பெருமையாகத்தான் சொன்னேன்.

"அதக் கேக்கலக்கா. ரத்தத்துல சீனி ரொம்ப ஏறியிருக்கு. இனிப்புத் தண்ணி குடிப்பாரா?"

சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஒரு டின்லயே ஏழெட்டுக் கரண்டி சீனி இருக்குக்கா. பெரிய போத்தல்ல எவ்வளவு இருக்கும்?"

வீட்டுக்கு வந்து போத்தலில் ஒட்டியிருந்த தாளை முதன்முறையாகப் படித்தேன். அதில் போட்டிருந்த அளவுக்குத் தேக்கரண்டியால் சீனியை அள்ளி ஒரு கிளாசில் போட்டேன். முப்பது தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

புண் ஆறாமலே போய், காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வார்டில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழாதம்மா. நீ வாங்கியாந்தது, ஒடம்புக்கு நல்லதாதான் இருக்கும்னு குடிச்சேன்." என்னைத் தேற்றத்தான் சொன்னார். அதைவிட வலித்த சொல்லை நான் கேட்டதில்லை.

அடுத்த வருடம் சிறுநீரகமும் கெட்டு இறந்துபோனார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா, "கடைசி வரைக்கும் ஒரு சொட்டு தொடல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெரியவர் கோப்பையோடு வாசலில் வந்து நின்று, "சீனி பத்தலம்மா" என்றார்.

சீனி டப்பாவைத் திறந்து தேக்கரண்டியை எடுத்தேன். பிறகு போட்டுக் கொடுத்தேன்.