பெரிய படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார்

இங்கே ஒரு பெரிய மனிதர் இறந்துபோனால் அன்றைக்கும் பால் கிடைக்கிறது. சிரிக்காதீர்கள். அயர்லாந்துக்கு வந்த புதிதில் என்னை மிகவும் குழப்பிய விஷயம் இதுதான். நாடே கொண்டாடிய ஒரு தொலைக்காட்சி நடிகர் காலமாகிவிட்டார் என்று பஸ்ஸில் ரேடியோ சொன்னது. நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, ஓடிப்போய், கை கொள்ளாமல் பாலும் ரொட்டியும் முட்டையும் மெழுகுவர்த்தியும் வாங்கினேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஷட்டர் இறங்கிவிடும், பஸ் நின்றுவிடும், நாளைக்குக் கடை இருக்குமோ இருக்காதோ என்று எனக்குப் படபடப்பு. கடைக்காரப் பெண் என் கூடையைப் பார்த்துவிட்டு, "வீட்டில் விருந்தா?" என்று கேட்டாள். நான் செய்தியைச் சொன்னேன். "ஆமாம், பாவம், நல்ல மனிதர். பை வேண்டுமா?" என்றாள். மறுநாள் பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. மிஞ்சிய பாலைத் தீர்க்க நாங்கள் பாயசம் வைத்துக் குடித்தோம்.

ஆரணியில் வளர்ந்தவளுக்கு இது எப்படிச் சமாதானமாகும்? கல்லூரியில் படித்த காலத்தில் ஒருநாள் போளூரிலிருந்து வந்துகொண்டிருந்த எங்கள் பஸ் களம்பூரிலேயே நின்றுவிட்டது. "தலைவரு போயிட்டாராம். வண்டி இதுக்கு மேல போவாது, ஜல்தி எறங்குங்க" என்றார் கண்டக்டர். சொல்லிவிட்டு விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ரைஸ் மில் லாரி ஒன்று பெண்களை மட்டும் ஏற்றிக்கொண்டது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஊருக்கு வந்து சேர்ந்தால், தெருவில் தறிச் சத்தமே இல்லை. ஆரணியில் தறி ஓடாத தெருவைக் கேட்டிருக்கிறீர்களா? காதுக்குள் ஏதோ கழன்று விழுந்துவிட்டதைப் போல இருக்கும். முச்சந்தியில் நாற்காலி போட்டு, அதில் தலைவர் படம் வைத்து, மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். ஆண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தத் தலைவருக்கு வாழ்நாளில் ஒரு தடவைகூட ஓட்டுப் போடாத என் அம்மா அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. "நீ அவருக்கு எதிர்க்கட்சியாச்சேம்மா?" என்றேன். "ஓட்டு வேற, சாவு வேற. கம்னு இரு" என்றாள்.

என் கணவர் வேலுவுக்கு இந்த ஊர் பிடிக்காமல் போனதற்குக் காரணம் குளிரோ மழையோ இல்லை, இதுதான். நான் இங்கே முதியோர் இல்லத்தில் செவிலி, அவர் பக்கத்து ஊர் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறார். வேலையில் குறையில்லை, வீடும் வசதியானது. ஆனால் தெருவில் எங்களுக்கு இருந்த உறவெல்லாம் தலையாட்டலும் 'நல்ல மழை' என்பதும்தான். "தன் நாட்டுப் பெரிய மனுசனுக்கே ஒரு கடை மூடல. நாளைக்கு நாம செத்தா எவன் வருவான்? நீ ஒருத்தி நிப்ப, இல்லாட்டி நான் ஒருத்தன் நிப்பேன்" என்பார். சென்ற ஆண்டு இந்தப் பேச்சு முற்றி, விமான டிக்கெட் பார்க்கிற வரை போய்விட்டது. எனக்குத் திரும்ப விருப்பமில்லை. ஆனால் ஒரு மனிதர் சாவதற்காகத்தான் ஊருக்குப் போக வேண்டும் என்கிறார், அவரிடம் என்ன வாதம் செய்வது?

அந்தச் சமயத்தில்தான் நம் பாடகர் ஒருவர் இறந்துபோனார். யாரென்று சொல்லப்போவதில்லை, உங்களுக்கு யார் போனபோது அழுகை வந்ததோ அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலு பட்டுக் கடையில் புடவை மடிக்கிற வேலையில் இருந்தபோது காலை முதல் ராத்திரி வரை அந்தக் குரல்தான் அவருக்குத் துணை. செய்தியைக் கேட்டதும் சமையல்கட்டில் சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு சீட்டியடித்துக்கொண்டு போனார்.

என் கொழுந்தன் சங்கர் ஆரணி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கைவண்ணம். பெரியவர்கள் யாராவது போய்விட்டால் அவனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, அழுதுகொண்டே அடித்துக் கொடுப்பான். "அண்ணி, அண்ணனுக்கு ஒண்ணு ரெடி பண்ணிகினு இருக்கேன். அங்கியும் நம்ம சார்பா ஒண்ணு வெக்கணும் இல்ல?" என்று போனில் சொன்னான். வந்த படத்தில் மேல் மூலையில் பாடகர், அவர் பக்கத்தில் குத்துவிளக்கு, ஒரு ஜோடிப் புறா. கீழே பாதி போஸ்டரை அடைத்துக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு கைகூப்பியபடி என் வீட்டுக்காரர். அவருக்குக் கீழே ஒரு வரிசையில் சங்கரும் அவன் நண்பர்களும். நம் ஊரில் இதில் விசேஷம் எதுவும் இல்லை. அழுகிறவரின் முகம் தெரிந்தால்தானே அழுகிறார் என்று தெரியும்? வேலு அதை வேலை செய்கிற ஊரில் அச்சடித்து வந்து, தெருப்பக்க ஜன்னலில் உள்ளிருந்து ஒட்டி, ஓரமாக பேட்டரியில் எரியும் மெழுகுவர்த்தி ஒன்றும் வைத்தார். மறுநாள் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிப் போனார். எனக்கு அன்று விடுமுறை.

காலை பத்து மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது. அடுத்த வீட்டு பிரீடா. ஓய்வுபெற்ற தபால்காரி, எங்களிடம் அதுவரை மழையைத் தவிர வேறெதுவும் பேசாதவள். கையில் ஒரு தட்டு நிறைய முட்டை சாண்ட்விச். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உன் துயரத்துக்கு வருந்துகிறேன்" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம் பாடகருக்காக ஒரு அயர்லாந்துக்காரி!

"எதிர்பார்க்கவே இல்லை" என்றேன். "சின்ன வயதிலிருந்து கூடவே இருந்தவர். தினமும் அவர் குரலைக் கேட்டுத்தான் தூங்குவேன்."

பிரீடா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துத் தயங்கி, "அந்த வரிசையில் இருப்பவர்கள், அவர்களுமா?" என்றாள்.

"எல்லோரும்தான். எங்கள் ஊரே அப்படித்தான்."

"கடவுளே! ஒரே நாளிலா?"

"செய்தி வந்த அன்றைக்கே" என்றேன் பெருமையாக.

அவள் முகம் வெளுத்துப்போய் என்னைக் கட்டிக்கொண்டாள். இந்த மக்கள் எவ்வளவு இளகிய மனத்துக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் எதிர்வீட்டு டாம் வாசலில் நின்றார். இரண்டு கையிலும் மடக்கு நாற்காலிகள். பின்னாலேயே வீட்டில் சுட்ட ஆப்பிள் பை, தேநீர்க் கெட்டில், கோப்பைகள், பெயர் தெரியாத நாலைந்து பேர். அந்த நாற்காலிகளைப் பார்த்ததும்தான் எனக்குள் மணியடித்தது. நாற்காலி எதற்கு எடுத்து வருவார்கள் என்று ஆரணியில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடகருக்கு எதற்கு என் வீட்டில் நாற்காலி? நான் வெளியே போய் ஜன்னலைப் பார்த்தேன். தமிழ் தெரியாத கண்ணால் முதல் தடவையாகப் பார்த்தேன். விளக்கு, புறா, நடுவில் என் கணவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் செத்தவரே சைக்கிளில் வந்து இறங்கினார். சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். டாம் கையிலிருந்த நாற்காலி கீழே விழுந்தது. பிரீடா சிலுவை போட்டுக்கொண்டாள். "இன்னா கலா, வூட்ல கூட்டம்? யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பதறினார் வேலு.

"உங்களுக்குத்தான்" என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

பிறகு எல்லோரையும் ஜன்னலுக்கு எதிரே நிறுத்தி விளக்கினேன். மேலே சின்னதாக இருப்பவர்தான் இறந்தவர். பெரிய படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார். கீழே இருப்பவர்களும் நலம். டாம் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் செத்தவரைவிட வருத்தப்படுகிறவர் பெரிதாக இருக்க வேண்டும்?" என்றார். "ஆமாம்" என்றேன். "இங்கேயும் அதே கதைதான். நாங்கள் அச்சடிப்பதில்லை, அவ்வளவுதான்" என்றார். பிரீடா அவர் விலாவில் இடித்தாள்.

கொண்டுவந்த சாண்ட்விச்சைத் திருப்பிக் கொண்டுபோவது இங்கே வழக்கமில்லையாம். எனவே உட்கார்ந்துவிட்டார்கள். வேலு பாட்டைப் போட்டார். ஒரு வார்த்தை புரியாமல் அத்தனை பேரும் கேட்டார்கள். டாம் நடுவில் கொஞ்சம் தூங்கினார். பேச்சுவாக்கில் பிரீடா சொன்னாள்: தெருவில் யார் போனாலும் நாற்காலி டாம் வீட்டிலிருந்துதான் வரும், சவ ஊர்தி கடைத்தெருவைத் தாண்டும்வரை கடைக்காரர்கள் கதவைச் சாத்தி வாசலில் நிற்பார்கள். "நடிகருக்குச் சாத்தவில்லையே?" என்று கேட்டார் வேலு. "அவர் எங்கள் தெருக்காரர் இல்லையே" என்றாள் அவள். வேலு எழுந்து தேநீர்க் கெட்டிலைக் கையில் எடுத்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்குள்ளும் அதுதான் ஓடியது. செத்தால் யார் வருவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர், தன் சாவுக்கு வந்தவர்களுக்குத் தானே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டிக்கெட் பேச்சு அதன் பிறகு எங்கள் வீட்டில் வரவில்லை.

சில மாதம் கழித்து உள்ளூர் வானொலியின் அறிவிப்பாளர் ஒருவர் இறந்துபோனார். காலைச் செய்திக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் யார் யார் இறந்தார்கள், அடக்கம் எங்கே என்று பல ஆண்டுகளாகப் படித்தவர். பிரீடா வந்து கதவைத் தட்டினாள். "உன் கொழுந்தன் எங்களுக்கும் ஒன்று போடுவானா? படங்களோடு?" நான் சங்கரைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, இவரு எந்தக் கட்சி? கலர் போடணும் இல்ல?"

"கட்சி இல்லப்பா. செத்தவங்க பேர ரேடியோல படிச்சவரு."

"தெனமுமா?"

"தினமும்."

"அப்ப ரொம்பப் பெரிய ஆளு அண்ணி. நல்லா செஞ்சி தரேன்."

செய்தான். மேலே அறிவிப்பாளர், குத்துவிளக்கு, புறா. கீழே பிரீடா கைகூப்பி, கட்டைவிரல் இரண்டும் எங்கோ பார்க்க. பக்கத்தில் டாம், தொப்பியோடு, வேலு கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு. தபால் நிலைய ஜன்னலில் அதை ஒட்டியபோது ஊரே வந்து பார்த்தது. மறுநாள் சங்கர் ஒரு படம் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான். அதையே பெரிதாக அடித்து ஆரணியில் தன் கடை வாசலிலும் கட்டியிருக்கிறான். யாரோ பூக்காரம்மா அதற்கு ஒரு முழம் கதம்பம் போட்டுவிட்டுப் போனாளாம். "யாருப்பா இந்த வெள்ளக்காரரு?" என்று கேட்டவர்களிடம், "நம்ம அண்ணன் ஊருக்காரரு" என்றானாம்.

அண்ணன் ஊர் என்று அவன் சொன்னது அயர்லாந்தை. அதைக் கேட்டதும் வேலு போனை என்னிடமிருந்து வாங்கினார்.

"டேய் சங்கரு, எனக்கு ஒண்ணு ஆச்சின்னா ரெண்டு அடிக்கணும்டா. ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க."

"இன்னாண்ணா, காலங்காத்தால இந்தப் பேச்சு?"

"கேளுடா. ஆரணில வெக்கறதுல பிரீடாவும் டாமும் கைகூப்பணும். இங்க வெக்கறதுல நீயும் உன் பசங்களும். அங்க இருக்கறவங்களுக்கு இங்க யாரு அழுவறாங்கன்னு தெரியணும். இவங்களுக்கு அங்க யாருன்னு தெரியணும்."

"உன் படம், அண்ணா?"

"மேல சின்னதா வெய்யி" என்றார்.