அத்தையின் பாதி

அத்தைக்கு இதயம் வீங்கியிருக்கிறது, அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்ன வாரத்தில், அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். தான் பிறந்த தோட்ட வீடு இருந்த இடத்தில் ஒரு தடவை போய் நிற்க வேண்டும்.

"வீடு இல்லன்னு தெரியும். கவர்மெண்ட் எடுத்து ரோடு போட்டுட்டாங்கன்னு உங்கப்பா சொன்னான். எந்த ரோடுடான்னா, மறந்துபோச்சுன்றான். நீ படிச்சவ. கண்டுபிடிச்சுச் சொல்லு. ரிக்‌ஷாவுல போய்ட்டு வந்துடலாம்."

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்தேன். அம்மா இறந்துவிட்டாள். வீட்டில் அப்பா, அப்பாவின் அக்காவான அத்தை, நான் ஆக மூன்று பேர். அத்தை நாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளையில்லாமல் விதவையாகி, எனக்குப் பத்து வயதானபோது ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். சமையலறையை ஒட்டிய சின்ன அறையை அவளுக்குக் கொடுத்தோம். எல்லோருக்கும் சமைத்துப் போட்டுக் கடைசியில் சாப்பிடுவாள். 'தம்பி சோறு போடுறான்' என்று கோயிலில் யாரைப் பார்த்தாலும் சொல்லுவாள்.

தோட்ட வீட்டின் கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். கொள்ளுத்தாத்தா அடையாற்றுப் பக்கம் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரர்களுக்கு மேஸ்திரி. துரை சீமைக்குத் திரும்பும்போது தோட்டத்தின் ஒரு மூலையை இவர் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாராம். அதில் ஓட்டு வீடு கட்டி, கிணறு வெட்டி, மூன்று தலைமுறை இருந்திருக்கிறார்கள். நான்கு வயதுவரை நானும் அங்கே வளர்ந்தவள்தான். ஒரு கிணற்றுச் சுவரைத் தவிர எனக்கு எதுவும் நினைவில்லை. அத்தை திரும்பி வந்த நேரத்தில் அந்தப் பக்கத்துத் தோப்புகள் எல்லாம் மனைகளாகி, புதுத் தெருக்கள் போட்டு, ராஜா அண்ணாமலைபுரம் என்று அடையாளமே மாறியிருந்தது.

அரசாங்கம் எடுத்திருந்தால் எங்காவது எழுதி வைத்திருப்பார்கள், எடுத்துப் பார்த்தால் போயிற்று என்று நினைத்தேன். பங்குக் கோயிலில் அத்தையின் ஞானஸ்நானப் பதிவைப் பார்த்தேன். அதில் தெருவும் கதவு எண்ணும் இருந்தன. வரி அலுவலகத்தில் அந்தப் பழைய கதவு எண்ணைக் கொடுத்து, இரண்டு வாரம் நடந்து, சர்வே எண்ணை வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய், அந்த இடம் யார் யார் கை மாறியிருக்கிறது என்று வில்லங்கம் பார்க்க மனுக் கொடுத்தேன். அங்கிருந்த வயதான குமாஸ்தா மனுவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, ஆத்துல புருஷா யாரும் வரலையா?"

"அப்பாவுக்கு நடக்க முடியல சார்" என்றேன். நடக்க முடியாமல் ஒன்றுமில்லை. நான் தேடுவது அப்பாவுக்குத் தெரியாது.

மறுபடி போனபோது குமாஸ்தா தடித்த புத்தகத்தில் ஒரு வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"சர்க்கார் எடுத்துண்டதா ஒண்ணும் இல்லையே. பிரைவேட்டாத்தான் வித்திருக்கா. ஒரே நாள்ல ரெண்டு பத்திரம் ரிஜிஸ்தர் ஆயிருக்கு. நகல் வேணுமா?"

வேண்டும் என்றேன். நகல் கிடைத்த அன்று அந்த ஆபீஸ் வராந்தாவிலேயே நின்று படித்தேன்.

இரண்டும் எனக்கு நான்கு வயதான வருஷத்தில் எழுதியவை; அத்தை அப்போது நாகப்பட்டினத்தில் புருஷனோடு இருந்தாள். முதலாவது விடுதலைப் பத்திரம். தகப்பனார் சொத்தில் தனக்கு உரிய சரிபாதியை, தம்பியின் மேலுள்ள பிரியத்தை முன்னிட்டு, எந்தப் பிரதிபலனும் பெறாமல் அத்தை விட்டுக்கொடுத்திருந்தாள். இரண்டாவது, முழு இடத்தையும் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவருக்கு என் அப்பா எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம். எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு. அதுகூட எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

விடுதலைப் பத்திரத்தின் கடைசியில், எழுதிக்கொடுப்பவர் எழுதப் படிக்கத் தெரியாதவராகையால், பத்திரம் வாசித்துக் காட்டப்பட்டு இடது பெருவிரல் ரேகை வைத்தார் என்று இருந்தது.

அத்தை கான்வென்ட்டில் எட்டாவது வரை படித்தவள். கடற்கரைக் குப்பத்துப் பெண்கள் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டி அவளிடம்தான் கடிதம் எழுதிக்கொண்டு போவார்கள். என் அப்பாவின் கையெழுத்து அவள் கையெழுத்துக்கு உறைபோடக் காணாது.

அங்கிருந்து நேராக அந்த இடத்துக்குப் போனேன். பெரிய காம்பவுண்டு, மாடி வீடு. வாசலில் இருந்த காவல்காரர், "இன்னாம்மா, யார் வோணும்?" என்றார். சத்தம் கேட்டு ஜவுளிக்கடைக்காரரின் மருமகள் வெளியே வந்தாள். எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு இங்கே இருந்தது, பார்க்க வந்தேன் என்றேன். அவள் முகம் சட்டென்று மாறியது.

"ஏதாச்சும் வில்லங்கமாம்மா? எங்க மாமா முழுப் பணமும் கொடுத்துத்தான வாங்குனாவ."

"அதெல்லாம் இல்லம்மா. சும்மாதான்."

காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். நான் உள்ளே போகவில்லை.

என் மாணவி ஒருத்தியின் தகப்பனார் வக்கீல். அவரிடம் நகல்களைக் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "உங்க அத்தைதான் கேஸ் போடணும், டீச்சர். போட வேண்டியது உங்க அப்பா மேல. ஆள் மாறாட்டம்னு தெரிஞ்சா கிரிமினலும் வரும். அத்தைகிட்ட முதல்ல சொல்லுங்க" என்றார்.

நான் முதலில் சொன்னது அப்பாவிடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அத்தை கோயிலிலேயே இருந்தாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நகலை அதன் மேல் வைத்தேன். அவர் முழுவதும் படிக்கவில்லை.

"எங்கேருந்து இத எடுத்தே?"

"இந்த ரேகை யாரோடது?"

நகலை மடித்து என் பக்கம் தள்ளினார். பிறகு, "ஒரு பொம்பள வந்து வெச்சா. பத்திரம் எழுதுறவன் கூட்டிட்டு வந்தான். பேர்கூட எனக்குத் தெரியாது" என்றார்.

"அத்தைகிட்ட கேட்டிருந்தா அவங்களே கையெழுத்துப் போட்டிருப்பாங்களே."

"அக்கா போடுவா. அவ புருஷன் விடுவானா? பங்கக் குடுன்னு வந்து நிப்பான். அப்ப இந்த வீடு ஏது? எதை வித்து இத வாங்கினேன்னு நெனச்சே? நீ டிரெயினிங் படிச்சது எதுல? அவளுக்கு நான் சோறு போடலயா?"

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. பதினெட்டு வருஷமாக அத்தை, தன் பங்குப் பணத்தையும் போட்டு வாங்கிய வீட்டில், சமையலறை ஓரத்தில், தம்பிக்கு நன்றி சொல்லிக்கொண்டு படுத்துக் கிடந்திருக்கிறாள். நான் முன்னறையில் கட்டில் போட்டுத் தூங்கியிருக்கிறேன்.

சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். இரண்டு நாள் அவள் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுமட்டும் இல்லை. அப்பா கோர்ட்டில் நிற்பார், பள்ளியில் பேசுவார்கள், வீடு பாதியாகும். இதையெல்லாமும் யோசித்தேன்.

மூன்றாம் நாள் ரிக்‌ஷா வைத்து அத்தையை அழைத்துக்கொண்டு போனேன். ஜவுளிக்கடைக்காரர் வீடு இருந்த தெருவைத் தாண்டி, அகலமான ஒரு ரோட்டைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"இதுதான் அத்தை. இந்த ரோடுதான்."

என் தோளைப் பிடித்து இறங்கினாள். பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கண்ணை மூடி, சிலுவை போட்டு, ஏதோ ஜெபம் சொன்னாள்.

"கிணறு எந்தப் பக்கம் இருந்திருக்கும்?"

நான் கையைக் காட்டினேன். எங்கே காட்டினேன் என்று எனக்கே தெரியாது.

"நாலு பேர் நடக்கிற வழியாச்சு. போகட்டும்" என்றாள். ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உங்கப்பா மேல எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சுடி. வித்துட்டு மறைக்கிறானோன்னு. சாகப்போற நேரத்துல அந்தப் பாவம் வேணாம்னுதான் உன்னப் பாக்கச் சொன்னேன். நல்லவேளை."

அடுத்த வாரம் அவள் பாவசங்கீர்த்தனம் செய்தாள். தம்பியைச் சந்தேகப்பட்டதையும் சாமியாரிடம் சொல்லியிருப்பாள். அந்த மாதமே இறந்துபோனாள்.

அடக்கத்துக்குப் பங்குக் கோயில் ஜனம் முழுவதும் வந்திருந்தது. கூடப்பிறந்தவளைக் கடைசி வரை வைத்துக் காப்பாற்றினாரே என்று ஒவ்வொருவராக அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார்.

"அவகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"நல்ல பொண்ணு" என்றார்.

சில வருஷங்களில் அப்பாவும் போய்விட்டார். இப்போது அந்த வீடு எனக்கு. சமையலறையை ஒட்டிய அறையில் அரிசி மூட்டை வைத்திருக்கிறேன்.