பெரிய எழுத்தில் வந்த ஜெபம்

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் சபை அலுவலகம். பீரோவுக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஜிபி மெமரி. ஜெபக் குழுவுக்கு வரும் மெயிலை உறுப்பினர் எல்லாருக்கும் அனுப்பும் சர்வர் அதுதான். பார்த்துக்கொள்வது நான்.

லாட்டரி, மாத்திரை, கடன் என்று குப்பை மெயில் கொட்டிக்கொண்டே இருந்தது. கிடைத்த வடிகட்டி விதிகளையெல்லாம் அள்ளிப் போட்டேன். சர்வர் மூச்சுமுட்டி நின்றுவிட்டது. பாதியை வெட்டி, கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தா, குப்பை. தலைப்பில் அவசரமா, குப்பை. 'கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே' என்று தொடங்கினால் சந்தேகமே இல்லை, ஏமாற்றுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

எங்கள் ஆட்களும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அது எனக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊரப்பாக்கத்து அக்கா ஒருவர், ரிட்டயர்டு டீச்சர், வந்து நின்றார். வருகிற செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரருக்கு இருதய ஆபரேஷன். புதனன்றே எழுதியிருக்கிறார்.

"ஒருத்தர்கூட பதில் போடலையே தம்பி. எங்களுக்காக ஜெபிக்க ஆளே இல்லையா?"

குப்பையில் கிடந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ், எல்லாமே பெரிய எழுத்து. சின்னது அவர் கண்ணுக்குத் தெரியாது.

சபைச் செயலாளர் எட்டிப் பார்த்தார். "விடுங்க சார், பெரிய கம்பெனி மெயிலுக்கு மாறிடலாம். அவன் பாத்துப்பான்."

"அவன் இந்த அக்காவப் பாத்திருக்கானா?"

"நீங்க மட்டும் பாத்து கிழிச்சீங்களா?"

குத்தியது. நியாயமான குத்து. ஆனாலும் மாறமாட்டேன். என் தப்பை நானே அழிப்பேன் என்று உட்கார்ந்தேன். வார்த்தையைப் பிடிக்கும் விதி ஒவ்வொன்றாகப் போனது. கத்துகிறவன் எல்லாம் திருடனா? கஷ்டப்படுகிறவனும் கத்தத்தான் செய்வான். சர்வருக்குச் சுமையே இல்லாத ஒரு விதியைப் போட்டேன்: தெரியாத மெயில் வந்தால், கொஞ்சம் கழித்து வா என்று திருப்பி அனுப்பு. குப்பை அனுப்பும் இயந்திரங்களில் பாதிக்கு மேல் திரும்பி வராது. மனுஷர் மெயிலை அவர்கள் பக்கத்துச் சர்வரே மறுபடி அனுப்பிவிடும்.

"அக்கா, மறுபடி அனுப்புங்க. உங்க எழுத்துலயே."

பெஞ்சில் உட்கார்ந்து போனில் அனுப்பினார். சர்வர் திருப்பி விட்டது. காத்திருந்தோம். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், அக்கா என்னைப் பார்த்தார்.

பத்து நிமிஷத்தில் வந்தது, பெரிய எழுத்தில், பிரியமானவர்களே என்று. அதன் பின்னாலேயே ஒரு லாட்டரி மெயிலும்.

"அதுவும் வருதே சார்," என்றார் செயலாளர்.

"வரட்டும். அழிக்க எனக்குக் கை இருக்கு."

அக்காவின் போன் அதற்குள் அதிர ஆரம்பித்திருந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து யாரோ முதல் பதில் போட்டிருந்தார்கள்.