புளி போட்டுத் தேய்த்த சொம்பு

சேவூர் நெசவுக் குடும்பத்தில் பிறந்த உண்ணாமலை, பி.எஸ்ஸி. முடித்து வேலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் கண்ணமங்கலம் வழியாக பஸ். 1983இல் அவள் கவலையெல்லாம் அண்ணி விருத்தாம்பாளின் நகங்களைப் பற்றித்தான். வெள்ளைக் கோடு விழுந்து, பிளந்து, பட்டு இழையில் மாட்டின. தலைமுடியும் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வயிற்றிலோ ஐந்து மாதம். "குடிக்கிற தண்ணியில செலினியம் இருக்கான்னு பாருங்க" என்றார் டாக்டர். அந்தத் தாது உடம்பில் மிஞ்சினால் நகமும் முடியும் இப்படிக் கெடுமாம்.

அண்ணி கிணற்றுத் தண்ணீரோடு ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். உண்ணாமலை அதில் கொஞ்சம் அமிலம் விட்டு, தங்க மின்முனையை இறக்கினாள். செலினியம் துளியளவு இருந்தாலும் முதலில் தங்கத்தின்மேல் படியும். மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினால் கரைந்து விலகும். அந்த இடத்தில் கருவியின் பேனா தாளில் ஒரு மேடு வரையும்.

பேனா வேறெங்கோ பெரிதாக எழும்பியது. செலினியத்தின் இடத்தில் கோணல்மாணலாக நெளிந்தது. திரும்ப ஓட்டினாள். அதே கோணல். தாமிரம் கலந்தால்தான் இப்படி வரும்.

"எதுல மொண்டாந்தீங்க அண்ணி?"

"பித்தளச் சொம்புலதான். புளி போட்டுத் தேச்சு, பளபளன்னு ஆக்கிகினு வந்தேன். நீ வேல செய்யற எடத்துக்கு அழுக்குச் சொம்பயா தூக்கிகினு வருவேன்?"

"புளி பித்தளய அரிக்கும் அண்ணி. தாமிரம் தண்ணியில எறங்கி, நாம தேடறத மறைக்குது."

"நல்லா படிச்ச போ! சுத்தமா இருந்தாலும் தப்புன்ற."

மறுநாள் உண்ணாமலையே, அமிலத்தில் கழுவிய கண்ணாடி பாட்டிலில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கினாள். பஸ்ஸில் கூட்டம் இடிக்காமல் அதை இரு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் இல்லையென்றால் வேறு காரணம் தேடலாம். இருந்துவிட்டால்? அதற்குமேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மேடு சரியான இடத்தில் எழுந்தது. நம்பாமல், தெரிந்த அளவு செலினியம் சேர்த்து மறுபடி ஓட்டினாள். அதே மேடுதான் உயர்ந்தது; செலினியமேதான். கணக்கு, குடிக்கத் தகுந்த அளவைப் பல மடங்கு தாண்டியது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னாள்: "அந்தத் தண்ணி வாணாம் அண்ணி. குடிக்கவும் வாணாம், சமைக்கவும் வாணாம்."

"கொழந்தைக்கு?"

"அத மெஷின் சொல்லாது. நாளைக்கு டாக்டராண்ட போலாம்."

விருத்தாம்பாள் வயிற்றில் கை வைத்தபடி நின்றாள். உண்ணாமலை கிணற்று ராட்டினத்திலிருந்து கயிற்றை உருவிப் போட்டாள். அடுத்த தெருக் குழாயில் ஒரு குடம் பிடித்து வந்து, டம்ளரில் ஊற்றி நீட்டினாள். அண்ணி வாங்கவில்லை.

"இது மட்டும் நல்லதா?"

"தெரியாது. இதயும் பாத்துட்டுதான் சொல்லணும். எதயாவது குடிச்சாகணுமில்ல? குடிங்க."